ஃபைல் போகாமல் விண்டோஸை மறுபடி போட ஐந்து வழிகள்: உங்கள் கணினிக்கு எது?

சர்வீஸ் கடையில் கணினியைக் கொடுக்கும்போது வரும் முதல் கேள்வி, "சி டிரைவில் ஏதாவது இருக்கா?" என்பதுதான். "இல்லை, எல்லாம் டி-யில் இருக்கு" என்று சொல்லிவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் டெஸ்க்டாப்பில் கிடந்த கல்யாணப் படங்கள் நினைவுக்கு வரும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருப்பவை. சி-யை ஃபார்மேட் அடித்தால் அவையும் சேர்ந்தே போகும்.

ஆனால் ஃபார்மேட் அடிப்பது ஒரே வழி இல்லை, பெரும்பாலான கோளாறுகளுக்கு அது தேவையும் இல்லை. விண்டோஸ் 11-ஐ மறுபடி போட ஐந்து வழிகள் உள்ளன. அப்டேட் வழியாகவே சரிசெய்வது ஒன்று. ஐஎஸ்ஓ ஃபைலை (விண்டோஸை நிறுவத் தேவையான எல்லாம் அடங்கிய ஒற்றை ஃபைல்) வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் மேலேயே போடுவது இரண்டாவது. விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ரீசெட் வசதி மூன்றாவது. பென்டிரைவில் பூட் செய்து (அதாவது கணினியை அதிலிருந்தே தொடங்கி) சி-யை மட்டும் ஃபார்மேட் அடித்துப் போடுவது நான்காவது. பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் புது எஸ்எஸ்டியில் போடுவது ஐந்தாவது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மூன்று கேள்விகள் முடிவு செய்கின்றன. விண்டோஸ் டெஸ்க்டாப் வரை வருகிறதா? கெட்டிருப்பது விண்டோஸா, டிஸ்க்கா, அல்லது வைரஸ் நுழைந்திருக்கிறதா? டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா, அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறதா?

தொடங்கும் முன் பார்க்க வேண்டிய இரண்டு

கணினி திடீரென்று மந்தமாகி, ஃபைல் திறக்க நிமிடக் கணக்கில் ஆகி, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து "டிக் டிக்" சத்தம் வந்தால் விண்டோஸைத் தொடவே வேண்டாம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவைப் பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டர்ஸ், கரண்ட் பெண்டிங் செக்டர்ஸ், அன்கரெக்டபிள் செக்டர்ஸ் என்ற மூன்று வரிசைகளில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்து, அது நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது. அதில் விண்டோஸ் போடுவது பல ஜிபி அளவுக்கு எழுதுவதாகும். டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கருவியை முழு ஸ்கேன் ஓட விடுவதும் அதே போன்ற சுமைதான். முதலில் ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது பிட்லாக்கர், டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் விண்டோஸ் வசதி. ஹோம் எடிஷனில் இது டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் இருக்கும். இதைக் கவனிக்காமல் ஃபைல்களை இழப்பவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் அதிகம் வருந்துகிறது, ஏனென்றால் டிஸ்க் நன்றாக இருக்கும், ஃபைல்களும் இருக்கும், திறக்கத்தான் முடியாது. விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் உள்நுழைந்து புதிதாக அமைக்கும் கணினிகளில், ஹோம் எடிஷனிலும்கூட, டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. செட்டிங்ஸில் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" பகுதிக்குள் "டிவைஸ் என்கிரிப்ஷன்" ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டிரைவ் படத்தின் மேல் பூட்டுச் சின்னம் இருந்தாலும் அதே பொருள்தான்.

ஆன் ஆகியிருந்தால், உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் பக்கத்தில் அந்தக் கணினியின் பெயருக்குக் கீழே 48 இலக்க ரெக்கவரி கீ இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதியோ அச்சடித்தோ வையுங்கள். "டி டிரைவில்தானே எல்லாம் இருக்கிறது, சி-யை மட்டும் அடிக்கலாம்" என்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். டி-யும் என்கிரிப்ட் ஆகியிருந்தால், அதைத் தானாகத் திறக்கும் விவரம் சி-யில் இருக்கிறது. சி போனதும் டி தன் சொந்தக் கீயைக் கேட்கும். இரண்டுக்கும் கீ தனித்தனி. கீ இல்லாவிட்டால் எந்த டேட்டா ரெக்கவரி கடையாலும் திறக்க முடியாது. கீ கையில் கிடைக்கவில்லை, விண்டோஸ் மட்டும் இன்னும் திறக்கிறது என்றால், என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, அது முழுமையாக அவிழ்ந்து முடியும் வரை காத்திருந்து, பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

விண்டோஸ் திறக்கிறது, ஆனால் கிறுக்குப் பண்ணுகிறது

அப்டேட் ஏறவில்லை, ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, செட்டிங்ஸ் மூடிக்கொள்கிறது, நீலத் திரை அடிக்கடி வருகிறது. கடைக்கு வரும் கணினிகளில் பெரும்பகுதி இந்த ரகம்தான். இதற்கு முதல் இரண்டு வழிகளே போதும். ஃபைல்கள், போட்டு வைத்த மென்பொருட்கள், செட்டிங்ஸ், பிரின்டர் எல்லாம் அப்படியே இருக்கும்.

அப்டேட் வழி எளிமையானது. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் "ஃபிக்ஸ் பிராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்" என்ற வரி இருக்கும். அதில் "ரீஇன்ஸ்டால் நௌ" அழுத்தினால், இப்போது இருக்கும் அதே பதிப்பை இறக்கி மேலேயே போட்டுவிடும். விண்டோஸ் 11-ன் 22ஹெச்2 பதிப்பில் 2024 பிப்ரவரி அப்டேட்டிலிருந்து இந்தப் பொத்தான் உள்ளது. அலுவலகம் கட்டுப்படுத்தும் கணினிகளில் மறைத்திருக்கலாம். இதன் பலவீனம் ஒன்றுதான்: அப்டேட் சேவையே கெட்டிருந்தால் இதுவும் பாதியில் நிற்கும்.

அப்போது ஐஎஸ்ஓ. எந்தக் கணினிக்கும் முதலில் முயல வேண்டியது எது என்று கேட்டால் இந்த வழியைத்தான் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவை இறக்குங்கள், 5 ஜிபிக்கு மேல் வரும். சி-யில் குறைந்தது 25 முதல் 30 ஜிபி காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் இருந்தால் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிரின்டர், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரில் இருக்கட்டும், மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் இருப்பது நல்லது.

ஐஎஸ்ஓ ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு புது டிரைவாகத் திறக்கும். அதற்குள் இருக்கும் செட்டப்பை அங்கிருந்தே ஓட்ட வேண்டும். இந்த ஒரு இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள்: அதே ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்து பூட் செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மென்பொருளோடு வைத்துக்கொள்ளும் தேர்வு வராது, அது நான்காவது வழியாகிவிடும். "சேஞ்ச் ஹௌ செட்டப் டவுன்லோட்ஸ் அப்டேட்ஸ்" என்பதை அழுத்தி "நாட் ரைட் நௌ" கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். கடைசித் திரையில் "கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்" என்று எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் "இன்ஸ்டால்" அழுத்தாதீர்கள்.

அந்தத் தேர்வு மங்கிப்போய் அழுத்த முடியாமல் இருந்தால் மூன்று காரணங்களைத் தேடுங்கள். ஐஎஸ்ஓவின் பதிப்பு கணினியில் இருப்பதைவிடப் பழையது. எடிஷன் பொருந்தவில்லை, உதாரணமாகக் கணினியில் ப்ரோ, ஐஎஸ்ஓவில் அது இல்லை. அல்லது மொழி வேறு. இந்த மூன்றாவதுதான் அதிகம். ஐஎஸ்ஓ பட்டியலில் "இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ்", "இங்கிலீஷ் இன்டர்நேஷனல்" என்று இரண்டு ஆங்கிலங்கள் இருக்கின்றன. விண்டோஸைப் பொறுத்தவரை அவை வெவ்வேறு மொழிகள். ஒன்றில் மங்கியிருந்தால் ரத்து செய்துவிட்டு மற்றதை இறக்குங்கள். அதுவரை எதுவும் மாறியிருக்காது.

எஸ்எஸ்டி இருந்தால் ஒன்று முதல் இரண்டு மணி நேரம், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு ஆகலாம். இடையில் பல முறை ரீஸ்டார்ட் ஆகும், சதவீத எண் ஒரே இடத்தில் நிற்கும். பவர் பட்டனை அழுத்தாதீர்கள். தோல்வியடைந்தால் பழைய விண்டோஸுக்குத் தானாகவே திரும்பிவிடும். அப்போது காட்டும் பிழை எண்ணில் சி1900101 என்று இருந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர் இடறுகிறது.

இந்த வழியால் சரியாகாதவையும் உண்டு. வைரஸ் போகாது, ஏனென்றால் மென்பொருட்களை அப்படியே வைத்துக்கொள்கிறது. ஒரு யூசருடைய புரொஃபைல் மட்டும் கெட்டிருந்தால் அதே கெட்ட புரொஃபைல்தான் திரும்ப வரும், அதற்குப் புது யூசர் உருவாக்கிப் பார்க்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கால் வரும் மந்தமும் மாறாது.

விண்டோஸ் 10-ல் அப்டேட் பொத்தான் கிடையாது, ஐஎஸ்ஓ வழி உண்டு. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் தகுதியான பிராசஸரும் இருந்தால், இதே முறையில் விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவை ஓட்டி ஃபைல்களோடும் மென்பொருட்களோடும் மேலேறிவிடலாம்.

ரீசெட்: "கீப் மை ஃபைல்ஸ்" எதையெல்லாம் வைத்துக்கொள்ளாது

பெயரைப் பார்த்து ஏமாறும் இடம் இது. "கீப் மை ஃபைல்ஸ்" என்றால் யூசர் ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்கள் போன்றவை தங்கும். நீங்கள் போட்ட மென்பொருட்கள் எல்லாம் போகும், எவை போயின என்ற பட்டியல் மட்டும் டெஸ்க்டாப்பில் கிடைக்கும். ப்ரோகிராம் ஃபைல்ஸ், ப்ரோகிராம் டேட்டா, யூசருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஆகிய ஃபோல்டர்கள் தங்காது. உங்களுக்கு முக்கியமான தரவு அந்த மூன்றில்தான் இருக்கிறது என்றால் ரீசெட்டும் ஃபார்மேட்டும் ஒன்றுதான்.

யாருக்கு இடிக்கும் என்று பார்ப்போம். மைஎஸ்க்யூஎல் தன் டேட்டாபேஸை இயல்பாகவே ப்ரோகிராம் டேட்டாவில் வைக்கிறது. பில்லிங் மென்பொருட்கள் சிலவும் அப்படித்தான். ஸ்டிக்கி நோட்ஸ் குறிப்புகள் ஆப்டேட்டாவில் இருக்கின்றன. பழைய அவுட்லுக்கின் மெயில் ஃபைல்களும் அங்கே இருக்க வாய்ப்புண்டு. குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் அந்த விண்டோஸ் யூசரோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை. ஃபோல்டரை நகலெடுத்துப் புது விண்டோஸில் ஒட்டினாலும் அவை திறக்காது. முன்கூட்டியே கூகுள் அக்கவுன்ட்டில் சிங்க் செய்திருக்க வேண்டும்.

டேலி வைத்திருக்கும் கடைக்காரர்கள், கம்பெனி தேர்ந்தெடுக்கும் திரையில் டேட்டா எந்தப் பாதையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, டேலிக்குள்ளிருந்தே பேக்கப் எடுத்து வெளி டிஸ்க்கில் போடுங்கள். ரீசெட்டோ ஃபார்மேட்டோ என்றால் லைசென்ஸை முதலில் சரண்டர் செய்துவிடுங்கள். பிறகு ஆக்டிவேட் செய்ய எளிது.

தமிழ் டிடிபி செய்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் ரீசெட்டுக்குப் பிறகும் டாக்குமென்ட்ஸில் பத்திரமாக இருக்கும். திறந்தால் மட்டும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். காரணம், அந்த எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸில் இருந்தன, பழைய விண்டோஸோடு அவையும் போய்விட்டன. யூனிகோட் அல்லாத எழுத்துருவில் ஒரு வரி அடித்திருந்தாலும், ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுவதும் நகலெடுத்து வைத்துவிட்டு ரீசெட்டுக்குப் போங்கள். ஒரு யூசருக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் ஆப்டேட்டாவுக்குள் தனியாக இருக்கும், அவற்றையும் சேர்த்து எடுங்கள்.

ரீசெட்டில் "கிளவுட் டவுன்லோட்", "லோக்கல் ரீஇன்ஸ்டால்" என்று இரண்டு கேட்கும். சிஸ்டம் ஃபைல்களே கெட்டிருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் கிளவுட் டவுன்லோட். 4 ஜிபிக்குக் குறையாமல் நெட் செலவாகும், ஆனால் புதுச் சரக்கு வரும். ரீசெட் பாதியில் நின்று "நோ சேஞ்சஸ் வேர் மேட்" என்று சொன்னால் பெரும்பாலும் ரெக்கவரி பார்ட்டிஷன் கெட்டிருக்கிறது. 2025 ஆகஸ்ட் அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 10-லும், விண்டோஸ் 11-ன் 22ஹெச்2, 23ஹெச்2 பதிப்புகளிலும் ரீசெட் வேலை செய்யாமல் போய், அதைச் சரிசெய்ய மைக்ரோசாஃப்ட் ஆகஸ்ட் 19 அன்று அவசரத் திருத்தம் வெளியிட்டது. ஆகவே ரீசெட் தோற்றால் உடனே ஃபார்மேட்டுக்குத் தாவ வேண்டாம். டெஸ்க்டாப் வருகிறது என்றால் ஐஎஸ்ஓ வழிக்குத் திரும்புங்கள்.

மொத்தத்தில், டெஸ்க்டாப் வரும் கணினிக்கு ரீசெட்டைவிட ஐஎஸ்ஓ மேலானது. டெஸ்க்டாப் வராமல் நீல நிற ரெக்கவரித் திரை மட்டும் வந்தால் அங்கே ரீசெட்டுக்கு இடமுண்டு. அந்தத் திரையிலிருந்து தொடங்கும்போது பிட்லாக்கர் கீ கேட்கும்.

சி-யை மட்டும் ஃபார்மேட் அடிப்பது

வைரஸ், ரேன்சம்வேர், அல்லது பல வருடக் குப்பை என்றால் இதுதான் சுத்தமான தீர்வு. கையில் 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் அதைத் தயார் செய்யும், பென்டிரைவில் இருப்பது அழியும்.

ஆபத்து முழுவதும் பார்ட்டிஷன் திரையில் இருக்கிறது. அங்கே சி, டி என்ற எழுத்துகள் தெரியாது, "டிஸ்க் 0 பார்ட்டிஷன் 3" என்றுதான் இருக்கும். அளவை வைத்துத்தான் அடையாளம் காண முடியும். சி-யும் டி-யும் ஒரே அளவில் பிரித்திருந்தால் தவறு நடப்பது மிக எளிது. விண்டோஸ் திறக்கும் போதே டிரைவ்களுக்கு "விண்டோஸ்", "ஃபைல்கள்" என்று பெயர் கொடுத்து, ஒவ்வொன்றின் மொத்த அளவையும் காலி இடத்தையும் எழுதி வையுங்கள். டி வேறொரு டிஸ்க்கில் இருந்தால், மேசைக் கணினியில் அந்த டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுவதே நிம்மதி. கழற்றியபின் பழைய விண்டோஸ் பூட் ஆகவில்லையே என்று பயப்பட வேண்டாம், பூட் பார்ட்டிஷன் அந்த டிஸ்க்கில் இருந்திருக்கலாம். புதிதாகப் போடும்போது, விண்டோஸ் ஏறும் டிஸ்க்கிலேயே உருவாகிக்கொள்ளும்.

"எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருப்பதால் போட முடியாது" என்று ஒரு செய்தி வந்தால் (எம்பிஆர் என்பது டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய முறை, ஜிபிடி புதியது) பலர் டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியில் "கிளீன்" கட்டளை கொடுத்துவிடுகிறார்கள். அது சி-யை மட்டும் அழிப்பதில்லை, அந்த டிஸ்க்கில் இருக்கும் டி, ஈ எல்லாவற்றின் பார்ட்டிஷன்களையும் நீக்கிவிடும். விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி டேட்டாவை அழிக்காமல் மாற்றித் தரும். டி டிரைவ் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் இருந்தால் மட்டும் அது மறுத்துவிடும், அப்போது டி-யை வெளியே நகலெடுப்பதைத் தவிர வழியில்லை.

11-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் டிஸ்க்கே தெரியாமல் வெறும் திரை வரலாம். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் விஎம்டி (இன்டெலின் டிஸ்க் நிர்வாக வசதி) டிரைவர் இல்லாததுதான் காரணம். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு "லோட் டிரைவர்" கொடுத்தால் டிஸ்க் தெரியும்.

புது எஸ்எஸ்டி

பணம் செலவாகும் வழி என்றாலும், ஃபைல்களுக்கு இதைவிடப் பாதுகாப்பானது இல்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டால் எந்தத் தவறான பொத்தானும் அதைத் தொட முடியாது. புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டு முடித்த பிறகு, பழைய டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் மாட்டி வேண்டியதை நகலெடுத்துக்கொள்ளலாம். சாட்டா டிஸ்க்குக்கும் எம்.2 என்விஎம்இ டிஸ்க்குக்கும் கேஸ் வேறு வேறு, வாங்கும் முன் பார்த்து வாங்குங்கள். பழைய யூசர் ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று சொல்லும். "கன்டினியூ" கொடுத்தால் சற்று நேரம் எடுத்துத் திறக்கும். இன்னும் ஹார்ட் டிஸ்க்கிலேயே விண்டோஸ் 11 ஓட்டிக்கொண்டிருப்பவர் என்றால் மற்ற நான்கையும் யோசிக்கவே வேண்டாம், மந்தத்துக்கான மருந்தும் இதுதான். லைசென்ஸ் மதர்போர்டோடு பிணைந்தது, டிஸ்க் மாறினாலும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். கீ கேட்டால் "ஐ டோன்ட் ஹாவ் எ ப்ராடக்ட் கீ" கொடுத்து, பழைய அதே எடிஷனைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த வழியானாலும், நகல்

விண்டோஸ் திறக்கவில்லை என்றாலும் நகலெடுக்கலாம். விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து முதல் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அதில் notepad என்று அடித்து என்டர் தட்டி நோட்பேடைத் திறந்து, ஃபைல், ஓப்பன் என்று போய், கீழே "ஆல் ஃபைல்ஸ்" தேர்ந்தெடுத்தால் அந்தச் சிறு சன்னலே ஒரு ஃபைல் எக்ஸ்ப்ளோரராக வேலை செய்யும். ஃபோல்டரை வலது கிளிக் செய்து காப்பி, வெளி டிஸ்க்கில் பேஸ்ட். முன்னேற்றப் பட்டை எதுவும் தெரியாது, சன்னல் உறைந்தது போல இருக்கும், காத்திருங்கள். நிறைய ஃபைல் இருந்தால் உபுன்டு லைவ் பென்டிரைவ் வசதியானது, பழைய டிரைவைப் படிப்பதற்கு மட்டும் திறந்தாலும் நகலெடுக்க அது போதும்.

ஒன்டிரைவ் பயன்படுத்துபவர்கள், ஃபைல் பக்கத்தில் மேகச் சின்னம் இருந்தால் அது கணினியில் இல்லை, கிளவுடில் மட்டும் இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி நிறைந்திருந்தால் மீதி ஃபைல்கள் மேலே ஏறாமல் கணினியில் மட்டுமே கிடக்கும். சிங்க் முடிந்ததா என்று பார்க்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

நகலெடுத்து முடித்ததும் மூல ஃபோல்டரையும் நகலையும் வலது கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பிறகு அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டி நான்கைந்து படங்கள், ஓர் எக்ஸெல், ஒரு டேலி பேக்கப் என்று திறந்து பாருங்கள். எல்லாம் முடிந்து புது விண்டோஸ் வந்தபின் சி-யில் விண்டோஸ்.ஓல்டு என்றொரு ஃபோல்டர் இருந்தால், விட்டுப்போனதை அதற்குள் தேடி எடுக்கலாம். மேலேயே போட்டபின் அது 10 நாளில் தானாக அழிந்துவிடும் என்பதால், முதல் வாரத்துக்குள் தேடி முடித்துவிடுங்கள்.